ஒரு குழாய்க்கு ஒரு பதில்

முழங்கை மடிப்பில் இரண்டு விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். நரம்பைக் கண்ணால் தேடினால் ஏமாந்து போவோம், விரல்தான் உண்மை சொல்லும் என்பது அவள் கட்சி. விரல் மெல்ல நகர்கிறது. ஓரிடத்தில் நிற்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆள் வாயைத் திறப்பார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா?"

தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று தொடங்கிய கேள்வி எதுவும் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. "கேளுங்க," என்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "இது வேர்க்காதா?" என்று வரும். இது என்றால் அவள் தலையில் இருக்கும் சாம்பல் நிற ஹிஜாப். "வேர்க்கும். உள்ள இருக்கிறது மனுஷத் தலைதானே," என்பாள். அதற்குள் ஊசி இறங்கி, சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும். குத்தியதே தெரியவில்லை என்று ஆச்சரியப்பட்டபடி எழுந்து போவார்கள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று கூட ரத்தம் எடுக்கும் மீசைக்காரருடையது, மற்றது இவளுடையது. பதினாறு வருடமாக இங்கேதான் இருக்கிறாள். கூட வேலை செய்பவர்கள் அவளை 'ஒரே குத்து அக்கா' என்பார்கள். இரண்டாவது குத்துக்கு அவளிடம் வேலையில்லை. குழந்தையோ, உடம்பெல்லாம் ஊதிப்போன கிழவரோ, விரலை வைத்தால் ஒரே குத்துதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் பெயர் மட்டும் அவளுக்கு நிற்காது. லேபிளில் இருக்கும் பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள், குழாயைத் தட்டில் வைத்ததும் மறந்து போவாள். வழக்கமாக வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு நரம்புதான். நழுவுற நரம்பு டீச்சர், மணிக்கட்டு ரொட்டிக்கடைக்காரர், இப்படி.

பதில்களை அவள் குழாய்க் கணக்கில் வைத்திருக்கிறாள். ஒரு குழாய் ரத்தம் என்றால் ஒரு வரிப் பதில். "தூங்கும்போதும் இதோடதானா?" "குளிக்கும்போது குளிப்பேன், தூங்கும்போது தூங்குவேன்." மூன்று குழாய் என்றால் கொஞ்சம் விளக்கம். வீட்டுக்காரர் சொல்லித்தான் போடுகிறீர்களா என்று பத்தில் ஆறு பேர் கேட்பார்கள். "அவரு சொல்லி நான் கேட்ட ஒரே ஒரு விஷயத்தை அவரையே சொல்லச் சொல்லுங்க பார்ப்போம். எங்க அக்கா போடுறதில்ல. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான். அவளை யாரும் அடிக்கல, என்னை யாரும் கட்டிப்போடல." ஒருநாள் ஒருவர் ஜிஹாத் என்றால் என்ன என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், பக்கத்தில் வெடிகுண்டு இருப்பதுபோல. "மனசோட போராடுறது. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, சமைச்சு வெச்சு, ரெண்டு பஸ் மாறி வந்து, இந்தக் கேள்விக்கெல்லாம் கத்தாம பதில் சொல்றேன்ல, அதுவும் அதுல சேர்த்திதான்."

நோன்பு மாதத்தில் இன்னும் வேடிக்கை. சர்க்கரைப் பரிசோதனைக்காகப் பத்து மணி நேரம் பட்டினி கிடந்து வந்தவர்கள், கண் இருட்டுகிறது, கால் நடுங்குகிறது என்று புலம்பிக்கொண்டே அவளைப் பார்த்து, "பாவம், உங்களைத் தண்ணிகூடக் குடிக்க விடமாட்டாங்களாமே," என்று பரிதாபப்படுவார்கள். விடமாட்டார்களாம். யார் இந்த 'விடமாட்டார்கள்' என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அப்படி ஒரு கும்பல் அவள் வீட்டில் இருந்தால் பாத்திரமாவது கழுவச் சொல்லலாம்.

நல்ல பதில் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். கண்ணாடி முன்னால் நின்று தலையிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, சே, இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். ஒருநாள் அவள் தனக்குத்தானே பேசுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சொன்னார், "நீ எதுக்கு எல்லாத்துக்கும் பதில் சொல்ற? பேசாம இருந்துடேன்." எலக்ட்ரீஷியன் அவர். அவர் வேலையில் யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை, மின்சாரம் வந்தால் போதும்.

"பேசாம இருந்தா, பாவம், பேசக்கூட விடமாட்டாங்க போலன்னு அதுக்கும் கதை கட்டுவாங்க. நீங்க பேசாம தூங்குங்க."

வருகிறவர்களிலேயே பெரிய தலைவலி, ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். வயிற்றில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மேல்மாடியில் அவருக்கு மருந்து ஏற்றுவார்கள். அன்று காலை ரத்தம் எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் மருந்து. மருந்து ஏற ஏற அவர் நரம்புகள் எல்லாம் ஓடி ஒளிந்துவிட்டன. ஊசி என்றால் குலை நடுங்கும் மனிதர். நடுக்கத்தை மறைக்க வாயைத் திறப்பார், திறந்தால் ஃபோனில் வந்த குப்பையெல்லாம் கொட்டும். கூடவே மனைவி நிற்பார், ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல்.

"ஏம்மா, நீங்கள்லாம் நிலாவைக் கும்பிடுறவங்களாமே?"

"நிலாவைப் பாத்து மாசத்தைக் கணக்குப் பண்றோம் ஐயா. நீங்க கடிகாரத்தைப் பாத்து வண்டி எடுத்தீங்க. கடிகாரத்தையா கும்பிட்டீங்க?"

அடுத்த முறை, "உன் வீட்டுக்காரர் நாலு கட்டிக்கலாமாமே?"

"நாலு பேருக்கும் ஒரே மாதிரி நியாயம் செய்ய முடிஞ்சா கட்டிக்கலாம். இவருக்கு ஒருத்திக்கு நியாயம் செய்யவே நாக்குத் தள்ளுது."

அதற்கும் அடுத்த முறை, பெண்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று கேட்டார். "பார்வையைத் தாழ்த்திக்கோங்கன்னு குர்ஆன்ல முதல்ல சொன்னது ஆம்பளைங்களுக்கு. அது உங்க ஃபோனுக்கு வராது," என்றாள். சிரித்துவிட்டார். ஐந்து குழாய் நிறைந்தது. சனியன் பிடித்த மனிதர் என்று திட்டிக்கொண்டே பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினாள். எட்டு மாதம் இப்படியே போனது.

பிறகுதான் அந்த நாள் வந்தது. அறை நிறையக் கூட்டம். ஊசி உள்ளே இருக்கிறது. ஓட்டுநர் எல்லாருக்கும் கேட்கும்படி, வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு சொன்னார், "உன்னைப் பாத்தா நல்ல பொண்ணாத்தான் தெரியுது. ஆனா நாளைக்கு உங்க ஆளுங்ககிட்டேயிருந்து ஒரு உத்தரவு வந்தா, இந்த ஊசியை வேற மாதிரி குத்திடுவியோ?"

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் டோக்கனைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஐந்து குழாயையும் நிரப்பினாள், பஞ்சை வைத்தாள், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். பதினாறு வருடம் கண்ணை மூடிக்கொண்டு இவர்கள் நரம்பைத் தேடியதற்கு இதுதான் மரியாதையா என்று கேட்கத் தோன்றியது.

மதியமே ஆய்வகத்தின் பெரிய டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "என்னை மெஷின் ரூமுக்கு மாத்திடுங்க. அங்க குழாயும் மெஷினும்தான். ரெண்டுக்கும் வாய் கிடையாது."

டாக்டரம்மா நல்லவர். நல்லவர்கள் செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார், ஓர் அறிவிப்புப் பலகை போட்டார். 'ஊழியரின் உடை, மதம் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில், அவள் நாற்காலிக்கு நேர் மேலே. "ஒரு மாசம் பாருங்க. அப்புறமும் வேணும்னா எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்," என்றார். அவள் அன்று மாலையே கடிதத்தை எழுதி, மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். மாதம் முடிய வேண்டியதுதான் பாக்கி.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். யாரும் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் விஷயம் புரிந்தது. அவள் முகத்தையும் முக்காட்டையும் பார்த்துக் கேள்வி யோசித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது வேலையில்லாமல் ஊசியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பார்த்தால் பயம், பயந்தால் கை விறைப்பு, விறைத்தால் நரம்பு உள்ளே ஓடியது. கல்லூரிப் பெண்ணொருத்தி மயங்கிச் சாய்ந்தாள். நழுவுற நரம்பு டீச்சருக்கு இரண்டாவது குத்து விழுந்தது. "என்னக்கா, பேரை மாத்திடலாமா?" என்றார் மீசைக்காரர். கேட்டாலும் தொல்லை, கேட்காவிட்டாலும் தொல்லை என்றால் மனுஷி எங்கேதான் போவாள்? அவள் அவரை முறைத்த முறைப்பில் அவர் தன் நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டார்.

நான்கு வாரம் கழித்து ஓட்டுநர் வந்தார். இந்தத் தடவை வாயைத் திறக்கட்டும், வட்டியும் முதலுமாகக் கொடுக்கிறேன் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் உட்கார்ந்தார், கையை நீட்டினார், பலகையை எழுத்து எழுத்தாகப் படித்தார், வாயை மூடிக்கொண்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கை பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தது. குத்தினாள். ரத்தம் வரவில்லை. இன்னொரு கையில் குத்தினாள். அதிலும் இல்லை. இரண்டு தடவை தவறினால் அடுத்தவரிடம் விட வேண்டும், விதி அதுதான். மீசைக்காரரோ வார்டுக்குப் போயிருந்தார், வர ஒரு மணி நேரம் ஆகும்.

"இன்னைக்கு மருந்து ஏத்தலைன்னா அடுத்த வாரம்தான் இடம்னு சொல்லிட்டாங்கம்மா," என்றார் மனைவி. அவர் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "ஏற்கெனவே ஒரு வாரம் தள்ளிப்போச்சு. இன்னொரு வாரம் தாங்குமான்னு தெரியல."

ஓட்டுநர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. புறங்கையில் சுண்டுவிரல் பக்கம் நூலாக ஒரு நரம்பு அவள் விரலுக்குத் தட்டியது. இதுவும் போனால் இன்றைக்கு அவ்வளவுதான்.

"ஐயா, ஏதாவது கேளுங்க."

அவர் பலகையை நோக்கித் தாடையை உயர்த்தினார். "போர்டு போட்டிருக்கே. முப்பது வருஷம் என் தலைக்குப் பின்னாடியும் ஒண்ணு இருந்துச்சு, 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்'னு. போர்டுன்னா போர்டுதான்."

"யாரும் பேசலையா?"

"ஒருத்தரும் பேசல. நாள் பூராவும் முதுகுக்குப் பின்னாடி அம்பது பேர், ஒரு பேச்சு கிடையாது." மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "போன தடவை நான் பேசினது பேச்சே இல்லம்மா. வீட்டுக்குப் போனதும் இவ ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு மட்டும் போட்டா, முகத்தைப் பாக்கல."

அவளுக்கு ஒரேயடியாக எரிச்சல் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. "அம்மா, அந்தப் போர்டைக் கழட்டிக் கீழ வைங்க," என்றாள். மனைவி ஃபைலைத் தரையில் போட்டுவிட்டு, குதிகாலை உயர்த்தி, ஆணியிலிருந்து பலகையை எடுத்து மேசைக்கடியில் தள்ளினார்.

"இப்ப கேளுங்க."

ஓட்டுநர் பலகை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "தப்பா நினைச்சுக்காதே."

"மாட்டேன்."

"நீ தொழும்போது, உங்க ஆளுங்க இல்லாத ஒருத்தனுக்காகவும் வேண்டிக் கேக்கலாமா? இல்ல, அது உங்களுக்கு ஒத்துக்காதா?"

குழாயில் ரத்தம் ஏறியது. ஊசி இறங்கியதை அவர் கவனிக்கவே இல்லை. மெதுவாக, சொட்டுச் சொட்டாக முதல் குழாய் நிறைந்தது. அவள் குழாயை மாற்றினாள். இரண்டாவதும் நிறைந்தது. ஒரு குழாய்க்கு ஒரு பதில் என்பதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கேக்கலாம். யார் தடுக்கிறா?" என்றாள் கடைசியில். "இதைக் கேக்க உங்களுக்கு இவ்வளவு நாளா? நிலா, நாலு பொண்டாட்டின்னு உயிரை வாங்கிட்டு. கையை மடக்காதீங்க. பஞ்சை அழுத்திப் பிடிங்க."

ஐந்து குழாய்களையும் தட்டில் அடுக்கி, மேலே அனுப்பும் பெட்டியில் வைத்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "உங்க பேர் என்ன?"

"குழாய்ல ஒட்டியிருந்துச்சே."

"அது மேல போயிடுச்சு. எனக்குப் பேர் நிக்காது. லுஹர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள மறந்துடும்."

கோட்டுப் பையில் கையை விட்டாள். எழுத அங்கே ஒரே ஒரு தாள்தான் இருந்தது, டாக்டரம்மாவுக்கு எழுதி மடித்து வைத்த கடிதம். அதைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு திருப்பி மேசைமேல் வைத்து, அவர் சொல்லச் சொல்ல, பின்பக்கத்தில் அவர் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

"என் பேரையும் போட்டுக்கோம்மா," என்றார் மனைவி. "இவரைக் கட்டி மேய்க்கிறது நான்தானே."

அவள் பேனாவை மூடவில்லை. அந்தப் பெயரையும் கீழே எழுதினாள்.