தாராவியில் கவிழ்ந்த லண்டன் அரியணை

மும்பையில், மேடை நாடகங்களுக்கு அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்தில் தமிழ் ஸ்கிரிப்டுகளைப் படிப்பது என் வேலையாக இருந்தது. நான் ஓய்வுபெற்ற ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை, இங்கிலாந்து ராஜா தாராவியிலிருந்து நேரில் வந்துவிட்டார்.

ராஜா என்றால் செல்லத்துரை அண்ணாச்சி, தோல் பை வியாபாரி. பொங்கல் நாடகத்துக்கு ஹால் பிடிப்பவருக்கே ராஜா வேஷம் என்பது அங்கே எழுதாத சட்டம். நாடகம் எழுதிய ஜெபராஜ், வடாலாவில் பள்ளி ஆசிரியர், பின்னால் வெளிறிப்போய் நின்றார்.

கதை ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலிலிருந்து எடுத்தது. வருங்காலத்தில் லண்டனில் முடியாட்சி கவிழ்கிறது, ராஜா மீன்கூடைக்குள் ஒளிந்து தப்புகிறார், நாடு நாசமாகிறது. இப்படி ஆகிவிடுமோ என்று நடுங்கி அந்த நாவலை எழுதியவர் ஒரு பிரபு. நான் எப்போதோ சான்றிதழ் கொடுத்துவிட்டேன். தன் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்த அண்ணாச்சிக்கு, முந்தைய நாள் ஒத்திகையில்தான் முடிவு தெரிந்திருக்கிறது.

"சார், நான் கூடைக்குள்ள போவணுமாம்! முன்வரிசையில என் சம்பந்தி இருப்பாரு. ராஜா திரும்பி வந்து எல்லாவனையும் வெட்டுதாருன்னு மாத்திக் குடுங்க."

"அப்படி மாத்துனா நாடகமே இல்ல சார்" என்றார் ஜெபராஜ்.

"நீரு சும்மா கெடயும் வாத்தியாரே. மாத்தலன்னா ஹால் கேன்சல்."

நான் விதியைச் சொன்னேன். "தாராளமா மாத்தலாம். புது மனு கொடுங்க, மறுபடி படிக்கிறேன். மூணு வாரம் ஆகும். நாடகமோ நாளை மறுநாள். அனுமதியில்லாம மாத்தி நடிச்சா, போலீஸ் உங்களைத்தான் தேடும். கேன்சல் பண்ணலாம்தான், ஆனா கிரீடத்தோட உங்க போஸ்டர் மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் ஒட்டியிருக்கே?"

"பெரிய லஃப்டா, வம்பால்லா இருக்கு" என்று அண்ணாச்சி கிரீடமில்லாத தலையைச் சொறிந்தார்.

ஞாயிறன்று நானும் போனேன். பிரபு பயந்து எழுதிய காட்சி வந்தது. அண்ணாச்சி கூடைக்குள் ஒரு காலை வைத்ததும் ஹாலே எழுந்து நின்று விசிலடித்தது. "அண்ணாச்சி, மூடியப் போடும்வே!" என்று முன்வரிசையில் கத்தியது சம்பந்தி. 'ஒன்ஸ்மோர்' கேட்டுக் கேட்டு, ராஜா மூன்று முறை தப்பி ஓட வேண்டியதாயிற்று. ஜெபராஜ் திரைக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியர்வையோடு கீழே இறங்கிய அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "அடுத்த வருசமும் கவுத்துருவோம் சார். கூடைய மட்டும் பெருசாக்கணும், இடுப்பு போவல."

இளைய அலுவலர்களுக்கு என் பணிக்காலத்துப் பாடம் இதுதான்: ராஜா எத்தனை முறை விழுந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள். திரும்பி வருகிறேன் என்றால் மட்டும் புது மனு கேளுங்கள்.