முதல் காரின் ஆசனம்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்முனைக் கரையிலிருந்து கொழும்புக்குப் போகும் மீன் லொறிகளை எந்த வாகனமும் முந்தாது. ஐஸ் உருகுமுன் மீன் போய்ச் சேரவேண்டும். அப்படியொரு லொறியை ஓட்டியவர்தான் என் தங்கையைக் கட்டிய மச்சான். என்னிலும் இளையவர். அதிகம் கதைக்கமாட்டார்.

ஒருநாள் வெறும் லொறியோடு மகியங்கனை மலைப்பாதையில் இறங்கி வந்தவரை ஐரோப்பியர் வழிவந்த ஒரு பறங்கிக்காரர் காரில் துரத்தியிருக்கிறார். அடிவாரம் வரையும் முந்த முடியவில்லை. தேத்தண்ணிக் கடையில் வைத்து மச்சானிடம் பெயரும் ஊரும் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் முன்பு காரோட்டப் பந்தயங்களில் ஓடியவர். இப்போது கொழும்பு முதலாளி ஒருவரின் பந்தய அணிக்கு இளம் ஓட்டுநர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அணியில் மூன்று கார்கள். முதல் காரில் ஏறுகிறவன்தான் அணியின் ஆள். மற்ற இரண்டிலும் இருப்பவர்கள் அந்த ஆசனத்துக்குக் காத்திருப்பவர்கள்.

மச்சான் இதைப் பகிடி என்றே நினைத்தார். எனக்கும் நம்பிக்கையில்லை. எங்கள் பக்கத்திலிருந்து யார் போய் அப்படியொரு ஆசனத்தில் இருந்தது? ஆனால் அறுவடை முடிந்த கையோடு அந்த மனிதர் கல்முனைக்கே வந்துவிட்டார். நான் கந்தோரில் கிளாக்கராக வேலை பார்த்ததால் இங்கிலிஷ் தெரியும். இருவருக்கும் நடுவில் கதை பெயர்க்க நான் போனேன்.

நாவிதன்வெளிப் பக்கம், வாய்க்காலை ஒட்டி வளைந்து போகும் கிறவல் மண் ரோட்டில் சோதனை நடந்தது. வேகத்துக்குப் பெயர்போன இன்னொருவரும் வந்திருந்தார், அரிசி ஆலைக்காரரின் மகன். முதலில் அவர் ஓட்டினார். பறங்கிக்காரர் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. வயல் வட்டையில் நின்ற மாடுகள் கலைந்து ஓடின. மச்சானின் முறை வந்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வளைவுக்கு வெகுமுன்னமே வேகத்தைக் குறைத்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். வளைவு முடிகிற இடத்தில்தான் கார் எப்படி வேகமெடுத்துப் பாய்ந்தது என்று கண்டேன்.

இறங்கியதும் அந்த மனிதர் இருவரிடமும் ஒரே கேள்வியை என்னைக் கேட்கச் சொன்னார். எங்கே பயந்தீர்கள்? ஆலைக்காரரின் மகன் சிரித்தார். ஒரு இடத்திலும் இல்லை என்றார். மச்சான் வளைவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"மதகடியில பயந்தன். பின் சில்லு என்ட சொல்லுக் கேக்கல்ல. அது திரும்பி வாற மட்டும் பாத்துக்கிட்டு இருந்தன்."

நான் பெயர்த்துச் சொன்னேன். அந்த மனிதர் என்னைத் தனியாக வாய்க்கால் பக்கம் கூட்டிப்போனார். வேகமாக ஓடுகிறவர்களை நாடு முழுக்கக் கண்டுவிட்டாராம். பயந்த இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவன் அபூர்வமாம். மற்றவர் சீக்கிரம் ஒரு மரத்தில் மோதித்தான் நிற்பார், இவர் முதல் காருக்கு வருவார் என்றார். ஆனால் ஆசனம் தருகிறவர் முதலாளி, தன்னால் சிபாரிசு மட்டும்தான் செய்யமுடியும் என்பதையும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை நான் மச்சானுக்குக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

மச்சான் கொழும்புக்குப் போனார். தங்கை எங்கள் உம்மாவோடு இருந்தாள். பகலில் அணியின் கராஜில் வேலை, பந்தயம் வந்தால் மூன்றாவது கார். பிறகு இரண்டாவது காருக்கு வந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே பதில்தான்: இன்னும் இல்லை, வாற வருசம். கடைசியில் முதல் காரை ஓட்டியவர் வெளிநாடு போகத் தீர்மானித்தார். அடுத்த பந்தயக் காலத்துக்கு ஆசனம் மச்சானுக்குத்தான் என்று முதலாளி தன் வாயாலேயே சொன்னார்.

அந்த எண்பத்துமூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. முதலாளி தமிழர். கராஜும் மூன்று கார்களும் ஒரே பகலில் போய்விட்டன. மச்சான் பள்ளிவாசல் ஒன்றில் ஒதுங்கியிருந்து, சனத்தோடு சனமாக ஊர் வந்து சேர்ந்தார். உடுத்த சாரத்தைத் தவிரக் கையில் ஒன்றுமில்லை. முதலாளி குடும்பத்தோடு கப்பலேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

பறங்கிக்காரர் கைவிடவில்லை. அவரே இன்னொரு அணியிடம் கூட்டிப்போனார், நானும் மச்சானோடு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மச்சான் ஓடியதை நேரில் பார்த்தவர், நன்றாகவே புகழ்ந்தார். பிறகு அடையாள அட்டையை வாங்கி ஊரைப் பார்த்தார். பந்தயத்துக்குப் பந்தயம் கிழக்கிலிருந்து ஒருவனைச் சோதனைச்சாவடிகள் தாண்டி யார் கூட்டிவருவது, இவனுக்காகப் பொலிசில் யார் போய் நிற்பது என்று பறங்கிக்காரரிடம் இங்கிலிஷில் கேட்டார். கார் வெளியே மரநிழலில்தான் நின்றது. ஏறிப் பார் என்றுகூடச் சொல்லவில்லை. நான் பெயர்க்க வாயெடுத்தேன். மச்சான் என் கையைப் பிடித்தார்.

"வேணாம் மச்சான். விளங்கிட்டு."

அடுத்த வருடம் பறங்கிக்காரரும் அவுஸ்திரேலியாவிலிருந்த மகளிடம் போய்விட்டார்.

மச்சான் மறுபடி மீன் லொறிக்கு ஏறினார். ஆனால் யுத்தம் தொடங்கியபின் பாதை பழைய பாதையில்லை. சாவடிக்குச் சாவடி இறங்கி, ஐஸ் பெட்டிகளைத் திறந்து காட்டவேண்டும். வேகமாக வந்த வாகனத்துக்குச் சுட்டுவிட்டார்கள் என்ற கதை அடிக்கடி வந்தது. மெல்ல ஓட்டப் பழகினார். கொழும்பு போகுமுன் மீன் பழுதாகிப் பல தடவை கொட்டவேண்டி வந்தது. பிறகு தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் கலகம் மூண்டு, கரைக்குப் போகவே சனம் பயந்தது. மீன் இல்லை, லொறியும் நின்றது.

எங்கள் ஊர் இளந்தாரிகள் எல்லோரையும் போல அவரும் சவூதிக்குப் போக ஆயத்தமானார். தண்ணீர் பவுசர் லொறி ஓட்டும் வேலை. போவதற்கு முதல்நாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு இருவரும் கடற்கரையில் இருந்தோம். உங்களுக்குக் கோபமில்லையா என்று கேட்டேன். அவர் சொன்னார்.

"ஏலாது எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே விட்டிருப்பன். எல்லாரும் ஏலும் எண்டுதானே சொன்னாங்க."

வாய்க்காலடியில் அந்தத் தீர்ப்பைத் தமிழில் சொன்னவன் நான்தான். அதில் பொய்யும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து போனார். வந்தால் எந்த வாகனத்திலும் முன் ஆசனத்தில் ஏறமாட்டார். பிள்ளைகளைக் கூட்டித்திரிய ஒரு மோட்டார் சைக்கிளாவது எடுங்களேன் என்று தங்கை கேட்டிருக்கிறாள். பஸ் இரிக்கிதானே என்றாராம்.