பெரியவள் எண்ணினாள், சின்னவள் பார்த்தாள்

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் பதினொரு நிமிடம்தான் வித்தியாசம். முகம் அச்சு அசல்; அம்மாவே தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் கூப்பிடுவாள். பல்கலைக்கழகத்தில் இருவரும் தாவரவியலில் சேர்ந்த முதல் வாரமே சின்னவளுக்குக் ‘கார்பன் காப்பி’ என்று பட்டப்பெயர் விழுந்தது. அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். பெரியவளுக்குத்தான் சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்: எனக்குத் தெரியாத எது இவளுக்குத் தெரிந்துவிடப் போகிறது?

இரண்டாம் ஆண்டில் அடுத்தடுத்து மூன்று தேர்வுகளில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். பேராசிரியருக்குச் சந்தேகம் தட்டியது. செய்முறைத் தேர்வன்று சின்னவளை மட்டும் பக்கத்து அறையில் உட்கார வைத்தார். ஒரே இலையிலிருந்து உரித்த தோல், ஆளுக்கொரு நுண்ணோக்கி. தெரிகிற வட்டத்துக்குள் எத்தனை இலைத்துளைகள் என்று எண்ணி எழுத வேண்டும்.

பெரியவள் எண்ணினாள். நாற்பத்தேழு. மறுபடி எண்ணினாள், அதே நாற்பத்தேழு. நேரம் முடிந்ததும் சின்னவள் நீட்டிய தாளில் எண்ணே இல்லை. ஒரே ஒரு துளையை ஏழு முறை வரைந்திருந்தாள்.

“எண்ணச் சொன்னா படம் போட்டிருக்கியேம்மா?” என்றார் பேராசிரியர்.

“எண்ணத்தான் ஆரம்பிச்சேன் சார். ஒண்ணு மட்டும் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் கண்ணை எடுக்க முடியல.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். “வெளிச்சம் பட்டுத் திறந்திருக்கு. இத்தனை வருஷம் பாடம் நடத்துறேன், நான் உக்காந்து பாத்ததில்ல.”

பெரியவள் சின்னவள் இருந்த அறைக்குப் போய் நுண்ணோக்கியில் குனிந்தாள். முதல் படத்தில் இறுக மூடியிருந்த துளை, உதடு பிரிந்ததுபோல் திறந்திருந்தது. நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். ஒரே வயிற்றில் கிடந்து, இருபது வருடம் ஒரே அறையில் படுத்தெழுந்த முகம். அதற்குள் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள்.

“எப்படிடீ அவ்வளவு நேரம் பொறுமையா பாத்தே?”

“பொறுமை உனக்குத்தான். எனக்குப் பன்னண்டுலயே தலை சுத்திருச்சு. நீ ரெண்டு தடவை எண்ணியிருப்பே.”

படத்துக்கு மதிப்பெண் கிடையாது. அந்தத் தேர்வைச் சின்னவள் திரும்ப எழுத வேண்டியிருந்தது. மறு ஆண்டு பெரியவள் புள்ளியியலை எடுத்தாள். இப்போது விதைப் பரிசோதனை நிலையத்தில் முளைகளை எண்ணித் தரம் சொல்கிறாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

சின்னவளின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். பாதி புரியவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மாணவி அவளையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துத் திகைத்தாள்.

“அது நான் இல்லம்மா,” என்றாள் பெரியவள். “அது அவ. கேளு, நல்லாப் பேசுறா.”