தலையணைக்கடியில் வெச்ச கம்மல்

என் பொண்டாட்டி அன்னபுஷ்பம் யாரையும் நம்பமாட்டா. ஞாயித்துக்கிழமை பூசையில காணிக்கைத் தட்டு வந்தா, காசைப் போட்டுட்டு தட்டு புடிக்கிறவர் மூஞ்சை ஒருதபா பாப்பா. என்னையும் நம்பமாட்டா. நான் கம்பெனி பஸ் ஓட்டறவன். டிரிப் முடிச்சி பென்னலூர் வூட்டுக்கு வந்தா, "இன்னாய்யா, படப்பை வழியா சுத்திகினு வந்தியா?"ன்னு கேப்பா. படப்பைல எனக்கு இன்னா கீதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது.

அவளைச் சொல்லியும் குத்தமில்ல, தொழில் அப்பிடி. ஒரகடத்துல கார் பம்பர் செய்யற கம்பெனில அவ லேடீஸ் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிஞ்சி வர்ற பொண்ணுங்களை வரிசைல நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, தடவிப் பாத்து, டிபன் பாக்ஸைத் திறந்து மோந்துட்டுதான் வெளிய வுடுவா. யாராவது ஒரு பழைய துணியைக் காட்டி, "அக்கா, இது சூப்பர்வைசர் குடுத்தாரு"ன்னா, "அப்பிடியா கண்ணு? கேட்பாஸ் சீட்டு எங்க?"ன்னு கேப்பா. இல்லன்னா துணியும் போச்சி, அந்தப் பொண்ணோட வேலையும் ஊசலாடும்.

அப்பேர்ப்பட்டவளால, அரபு நாட்டு மலை ஒண்ணு மேல ஒரு பொண்ணுக்கு வேலை போறதா இருந்திச்சி. நானும் பக்கத்துலதான் நின்னேன்.

கம்பெனி ஆண்டு விழாவுல குலுக்கல் வெச்சாங்க. முதலாளியோட பார்ட்னருக்கு ஓமான்ல, மலை உச்சில பெரிய ஓட்டல். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு, விமான டிக்கெட்டோட போய் தங்கிட்டு வரலாம். சீட்டை எடுத்து "அன்னபுஷ்பம்"னு மைக்ல படிச்சாங்க. ஊரே கை தட்டுது. இவ மேடை ஏறி பரிசை வாங்கினாளா? குலுக்கல் டப்பாவைக் கவுத்தா! மிச்ச சீட்டை எல்லாம் பிரிச்சிப் பாக்கறா, எல்லாத்துலயும் இவ பேரே எழுதிகீதான்னு. எனக்கு மானமே போச்சி. "இத்தினி பேரை வுட்டுட்டு எனக்கு எதுக்குய்யா குடுக்கணும்? இதுல ஏதோ கீது"ன்னு பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் பொலம்பினா.

பொங்கல் லீவுல கெளம்பினோம். மலை அடிவாரத்துல போலீஸ் செக்போஸ்ட்டு. எல்லா வண்டியும் மேல போக முடியாது, நிறுத்திப் பாத்துதான் வுடறாங்க. "இது ஒண்ணுதான் இந்த ஊர்ல ஒழுங்கா நடக்குது"ன்னா எங்க வூட்டம்மா. மேல போனா, அப்பப்பா! பாலைவன நாடுன்னு போன எனக்கு பல்லு தந்தியடிச்சிது. ஓட்டல் வாசல்ல ஆளுக்கொரு கம்பளிச் சால்வை போத்தினாங்க, ஓரத்துல மாதுளம்பூ தச்சிகீது, பரிசு வாங்கினவங்களுக்கு அன்பளிப்பாம். அதே மாதிரி சால்வை ரூமுக்கு ரூம் நாற்காலி மேலயும் கெடந்திச்சி. பேரீச்சம்பழமும் பாலில்லாத காப்பியும் குடுத்தாங்க. சின்னக் கப்பு காலியானா ஊத்திகினே இருக்காரு ஒருத்தரு. போதும்னா கப்பை ஆட்டிக் காட்டணுமாம். இவளுக்கு எங்க தெரியும்? "யோவ், இன்னாத்தையோ கலந்து தூங்க வெக்கப் பாக்கறாங்க"ன்னு என் காதுல சொல்லிகினே குடிச்சா.

ரூமு எங்க வூட்டை மாதிரி நாலு வூடு. கண்ணாடிக் கதவைத் திறந்தா கீழ பள்ளத்தாக்கு, அதுல படிப்படியா தோட்டம். நான் வாயைப் பொளந்து நின்னேன். அவ போனை எடுத்து ரூமு மொத்தத்தையும் வீடியோ புடிக்கறா, நாளைக்கு எதையாவது காணோம்னு நம்ம மேல பழி போடக் கூடாதாம். துண்டை அன்னப்பறவையா மடிச்சி கட்டில்ல வெச்சிருந்தாங்க. அதையும் பிரிச்சி உதறினா, உள்ள இன்னா கீதுன்னு.

அப்பதான் அந்தப் பொண்ணு வந்திச்சி. ரூம் சுத்தம் பண்றவ. பேரு இசக்கிசெல்வி, திசையன்விளைப் பக்கம். நாங்க பேசறதைக் கேட்டதும் மூஞ்செல்லாம் சிரிப்பு. "எக்கா, தமிழா நீங்க?" இவ ஒரகடத்துல கேட் செக்யூரிட்டின்னு நான் சொன்னேன். "நானும் ரெண்டு வருசம் ஒரகடத்துல லைன்ல நின்னேன்க்கா. ஷிப்ட் முடிஞ்சா உங்கள மாதிரி ஒரு அக்காதான் எங்களத் தடவி அனுப்புவாவ." அந்த ஊர்ச் சாப்பாடு இவளுக்கு எறங்கலன்னு தெரிஞ்சி, ராத்திரி அவங்க மெஸ்லேர்ந்து ரசமும் சோறும் வாங்கியாந்து குடுத்துது. நான் அள்ளி அள்ளித் தின்னேன். நாக்கு செத்துப்போயிருந்த நேரத்துல அமிர்தம்யா அது!

இவளும் தின்னா. தின்னு கைகழுவிட்டு, "எதுக்கு ரசம் குடுக்கறா? இன்னா வேணுமாம் அவளுக்கு?"ன்னா.

"ஏண்டி, பாசமா குடுத்தா வாங்கிக்க மாட்டியா?"

"நீ சும்மா இரு. எத்தினி பேரைப் பாத்துகீறேன் நானு."

கடைசி நாள் காலைல அவ புத்தி வேலையைக் காட்டிச்சி. ஒரு காது கம்மலைக் கழட்டி தலையணைக்கடியில வெச்சா. டீவி பக்கத்துல இருந்த பூஜாடிக்குப் பின்னால போனை நிக்க வெச்சி வீடியோவைப் போட்டா. "நாஸ்டா துன்னப் போறோம்மா"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட குரல் குடுத்துட்டு, நாங்க ரெண்டு பேரும் வராண்டா முனையில நின்னுகினு இருந்தோம். நல்ல குளுரு. எனக்கு பசி வேற.

கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணே பதறிகினு வெளிய ஓடியாருது, கையில கம்மலு. "எக்கா! இத இப்படியா விட்டுட்டுப் போவீய? விரிப்ப உதறும்போது எங்கயாவது தெறிச்சிருந்தா என்ன செய்வீய?" எங்களை உள்ள கூட்டினு போயி, அதுவே இவ காதுல மாட்டி வுட்டுது.

என் பொண்டாட்டி கரைஞ்சி நான் பாத்தது அன்னிக்குதான். மெல்லிசு யூனிபாரத்துல நடுங்கினு நின்ன பொண்ணு மேல தன் சால்வையை எடுத்துப் போத்தினா. "இந்தா, நீ வெச்சிக்க கண்ணு."

"கேட்டுல கேப்பாவளேக்கா."

"கேட்டா, நான் குடுத்தேன்னு சொல்லு. யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

யாரு சொல்றா பாருங்க! கேட்பாஸ் கேட்டே காலத்தை ஓட்டினவ, ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுக்க மறந்துட்டா. எனக்கும் தோணலை.

மதியம் பெட்டியை வண்டில ஏத்தினோம். மலையாளத்து டிரைவரு சொன்னாரு: "உங்க ரூம் பொண்ணைப் பின் கேட்டுல புடிச்சி வெச்சிருக்காங்க. சால்வை திருடிட்டாளாம். ஒரு ரூம்ல ஏற்கெனவே குறையுதாம். வேலையை எடுத்துட்டு ஊருக்கு ஏத்திவுடப் போறாங்க."

இவ வண்டிலேர்ந்து குதிச்சி ஓடினா. பின்னால நானு.

பின் கேட்டுல நேபாளத்து செக்யூரிட்டி ஒருத்தரு. மேஜை மேல சால்வை. செவுத்தோரமா இசக்கிசெல்வி, அழுது அழுது கண்ணு வீங்கி. என் பஸ்ல வர்ற பீகார் பசங்ககிட்ட கத்துகினது, எனக்கு இந்தி வரும். "நாங்கதான்யா குடுத்தோம்"ன்னேன்.

அவரு தன்மையாத்தான் கேட்டாரு. "காகிதம் கீதா?"

"வாயால சொல்றோமே, போதாதா?"

"பாவம் பாத்து விருந்தாளிங்க சொல்லுவாங்க, சார். நான் எத்தினி பேரைப் பாத்திருக்கேன்."

அதைத் தமிழ்ல சொன்னேன். இவ மூஞ்சி செத்துப்போச்சி. அவ வாயிலேர்ந்து வர்ற அதே வார்த்தை. அப்புறம் திடீர்னு போனை எடுத்தா. காலைல அவ நிறுத்தறதுக்குள்ள எல்லாமே அந்த வீடியோவுல ஓடியிருந்திச்சி, சால்வை போத்தினது வரைக்கும். வீடியோவைக் கடைசிக்குத் தள்ளி, சால்வை போத்தின இடத்தை மட்டும் காட்டினா.

செக்யூரிட்டி தலையாட்டலை. "இது சொல்லி வெச்சி எடுத்ததா இருந்தா? மொதல்லேர்ந்து போடுங்க."

அவரு இடத்துல யாரு நின்னாலும் அதைத்தான் கேப்பாங்க. இவளே கேட்டிருப்பா. போடலன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும். போட்டா, அதுல இவ பேசினது அந்தப் பொண்ணு காதுல வுழும். ஒரு நிமிசம் என்னைப் பாத்தா.

மொதல்லேர்ந்து போட்டா.

போன்ல அவ மூஞ்சி பெரிசா வந்திச்சி. குரலு கணீர்னு: "கம்மலை வெச்சிட்டேன்யா. பாத்துகினே இரு. இனிக்க இனிக்கப் பேசறவதான் மொதல்ல கை வெப்பா. இன்னிக்கு மாட்டுவா." பின்னால நான் சிரிக்கறேன், கேவலமா. அப்புறம் காலி ரூமு. இசக்கிசெல்வி வருது, தலையணையைத் தூக்குது, கம்மலைப் பாத்துட்டு "ஐயோ"ன்னு நெஞ்சில கை வெச்சிகினு ஓடுது.

செக்யூரிட்டிக்குத் தமிழ் தெரியாது. பூரா பாத்து முடிச்சி, சிரிச்சி, சால்வையை அந்தப் பொண்ணு பக்கம் தள்ளினாரு. "சரி, போம்மா. வேலையைப் பாரு."

இசக்கிசெல்வி அதைப் போத்திக்கலை. மேஜை மேலயே வெச்சி, மூலைக்கு மூலை சேத்து, ஓட்டல்ல மடிக்கிற மாதிரி சுத்தமா மடிச்சி இவ கையில குடுத்திச்சி.

"வேலய காப்பாத்திக் குடுத்திய. நல்லா இருங்க."

"கண்ணு, நான்…"

"வேணாம்க்கா. ரசம் குடுக்கும்போதும் அப்படித்தான் நினைச்சியளா?"

அந்தப் பொண்ணு வேலைக்குத் திரும்பிப் போயிடுச்சி. மலை எறங்கற வரைக்கும், விமானத்துலயும் இவ அந்த சால்வையை மடியிலயே வெச்சிகினு இருந்தா. அவளை மட்டும் நான் இன்னா சொல்றது? வீடியோவுல அந்த சிரிப்பு என்னோடது இல்லையா?

இப்பவும் கேட்டுலதான் நிக்கறா. இப்பவும் தடவிப் பாக்கறா, அது வேலை. ஆனா யாராவது "சூப்பர்வைசர் குடுத்தாரு"ன்னா, வேலையை ஊசலாட வுடறதுக்கு முன்னால அந்த சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேக்கறா.

இந்த மார்கழில ஒருநாள் விடியக்கால ஷிப்ட்டு. ரோடே தெரியாத பனி. பீரோலேர்ந்து சால்வையை எடுத்து நீட்டினேன். "போத்திகினு போடி, நெஞ்சில சளி கட்டிக்கப் போவுது."

வாங்கிப் பாத்தா. மடிப்பு கலையாம திரும்ப உள்ளயே வெச்சா.

"அது அந்தப் பொண்ணோடதுய்யா"ன்னுட்டு, நடுங்கிகினே பஸ் ஏறினா.