மொட்டைமாடியில் ஒரு குளம்

கோச்சடையில் நாங்கள் வாங்கவிருந்த வீட்டுக்குப் பதினொரு ஜன்னல், ஏழு குழாய், ஓர் ஒழுக்கு. மொட்டைமாடித் தண்ணீர் படுக்கையறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து தந்த பிறகே பத்திரப்பதிவு என்று அக்ரிமெண்டில் எழுதியிருந்தோம்.

பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விற்பவர் போன் செய்தார். "அம்புட்டும் முடிஞ்சுபோச்சு சார், வந்து பாருங்க."

மனைவியோடு போனேன். கூரையில் புது வெள்ளை மின்னியது. ஒழுக்கை அடைத்தார்களா, கறையை மறைத்தார்களா? மிஷன் பள்ளியில் வேலை பார்த்துச் சேர்த்ததெல்லாம் இந்த வீட்டுக்குத்தான். பதிவு முடிந்துவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

மாடியேறி, தண்ணீர் வெளியேறும் இரண்டு ஓட்டைகளையும் சாக்கால் அடைத்து மோட்டாரைப் போட்டேன். கணுக்கால் அளவுக்குக் குளம். கீழே வந்து மூவரும் அண்ணாந்து நின்றோம். வெகுநேரம் ஒன்றுமில்லை.

"பாத்தீகளா சார்? ஒரு சொட்டு..." என்று விற்பவர் சிரித்தபோது அது அவர் மூக்கில் விழுந்தது.

"ஒண்ணு" என்றேன். அடுத்தது அவர் கண்ணாடியில். "ரெண்டு." என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அவர் மூக்கைத் துடைத்தார். "இந்த வாரத்த விட்டா ஆடி பொறந்துரும் சார். அப்பறம் ஒரு மாசம் பதிய மாட்டீக. மொதல்ல பதிஞ்சிருவோம், பெறகு பாத்துத் தாரேன்."

பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு பதியலாமா, தள்ளிப்போடலாமா என்று நான் தவித்தேன். மனைவி தவிக்கவில்லை.

"நாங்க வேதக்காரக தம்பி, சர்ச்சுக்குப் போறவுக. எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். மெதுவா வேலைய முடிங்க. ஆடியில ஆபீஸ்லயும் கூட்டம் இருக்காது."

அவர் முகம் வெளிறியது. "அக்கா! இந்தப் பணத்த நம்பித்தான் பரவையில இடத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்க்கா. ஆடியில கையெழுத்துப் போட்டா எங்காத்தா வீட்டுக்குள்ளயே விடாது!"

"அப்ப இன்னைக்கே கொத்தனாரக் கூப்பிடுங்க."

அன்று மாலை போய்ப் பார்த்தபோதே மாடியில் தளத்தைக் கொத்தும் சத்தம் கேட்டது. எனக்கு அது கோயில் மணிபோல இருந்தது. பதிவுக்கு முதல் நாள் மறுபடியும் சாக்கு, மோட்டார், குளம். விற்பவர் இந்த முறை குடையோடு வந்து அறை நடுவில் விரித்துக்கொண்டு நின்றார்.

"எண்ணுங்க சார்!"

நான் எண்ணக் காத்திருந்தேன். கழுத்து வலித்தது. கூரை காய்ந்தே கிடந்தது.

"சைபர்!" என்று கத்திவிட்டேன்.

"சைபருக்கா இம்புட்டுச் சத்தம்?" என்றாள் மனைவி. பிறகு அவர் பக்கம் திரும்பி, "நாளைக்குப் பதிஞ்சிருவோம் தம்பி. போகும்போது மாடியில அந்தச் சாக்க உருவி விட்டுட்டுப் போங்க" என்றாள்.