விண்வெளிக்கு எருமை அனுப்பிய கலியமூர்த்தி

கலியமூர்த்தி டெல்லிக்கு வந்தது எழுபத்தெட்டாம் வருடம், நல்ல குளிரில். கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு, மத்திய அரசின் ஏதோ ஒரு விளம்பரப் பிரிவில் 'ஆர்ட்டிஸ்ட், இரண்டாம் நிலை' என்ற வேலை கிடைத்து வந்தார். முதலாம் நிலை என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, காலியாக இருக்கிறது, ஆள் போடுவதாக இல்லை என்றார்கள். இருபத்தாறு வருடம் கழித்தும் அது காலியாகவே இருந்தது. இவரும் இரண்டாம் நிலையிலேயே இருந்தார்.

அத்தனை வருடத்தில் அவர் வரைந்தது குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம், இரண்டே குழந்தைகளோடு சிரிக்கும் தம்பதி, டெண்டர் விளம்பரத்தைச் சுற்றிக் கட்டம், திறப்புவிழாக் கல்வெட்டுக்குப் பூ வேலை. ஒரே ஒருமுறை மனம் விட்டு ஒரு கொசு வரைந்தார். மலேரியா போஸ்டருக்கு. ஒவ்வொரு காலிலும் ரோமம் தெரியும்படி மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த கொசு. மேலே இருந்து குறிப்பு வந்தது: 'அரசு ஒழிக்கப்போகும் கொசு இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பது தவறான செய்தியைத் தரும்.' கொசுவை இளைக்க வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எதையும் மனம் விட்டு வரையவில்லை.

இப்படிப்பட்டவர் மேசைக்குத்தான் 2003 அக்டோபரில் அந்தக் கோப்பு வந்து சேர்ந்தது. நட்பு நாடு ஒன்று விண்வெளிக்கு ஆட்களை அனுப்புகிறது. அவர்கள் தலைக்கு மேலே சின்னதாக ஒரு துணிப் பொம்மையை நூலில் கட்டித் தொங்க விடுவது வழக்கமாம். ராக்கெட் மேலே போய் இஞ்சின் நின்றதும் பொம்மை தானாக மிதக்கும். எடை போய்விட்டது என்று விமானிகள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். இந்தமுறை அந்தப் பொம்மை, நட்பின் அடையாளமாக, இந்தியாவிலிருந்து வரட்டும் என்று கேட்டிருந்தார்கள். நிபந்தனைகள் ஒரே பக்கம்: உள்ளங்கை அளவு, நாற்பது கிராமுக்கு மேல் கூடாது, தீப்பற்றக் கூடாது, நூல் உதிரக் கூடாது, கழன்று விழும் பாகம் எதுவும் கூடாது.

நம் பக்கத்தில் உடனே பதினொரு பேர் கொண்ட உயர்மட்டக் குழு அமைத்தார்கள். குழுவின் செயலாளர் கல்யாணராமன், பதவியில் துணைச் செயலர். கலியமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"கலியமூர்த்தி, ஒரு பொம்மை டிசைன் பண்ணிக் கொடுங்கோ. தேசத்தோட மானம் இதுல இருக்கு. திங்கக்கிழமை ஜல்தி வேணும்."

"என்ன பொம்மைங்க சார்?"

"அதைக் கமிட்டி தீர்மானிக்கும். நீங்க முதல்ல பண்ணிடுங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி மயூர் விஹாரில் இருந்த கொழுந்தியாள் வீட்டுக்குப் பஸ்ஸில் போனார். பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. கீழே யமுனையில் எருமைகளைக் குளிக்க விட்டிருந்தார்கள். கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு நகர்ந்த எருமை, தண்ணீருக்குள் போனதும் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு, நாலு காலையும் விரித்து, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதது போல மிதந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே லேசாக இருக்கிற குருவியும் முயலும் மிதந்தால் அதில் என்ன இருக்கிறது? கனமான ஒன்று மிதந்தால் அல்லவா எடை போனது தெரியும்! பஸ் டிக்கெட்டின் பின்புறத்திலேயே எருமைக் கன்று ஒன்றை வரைந்துவிட்டார்.

தைப்பதற்கு அவர் வேறெங்கும் போகவில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டு மார்கரெட் இருந்தாள். நாசரேத்துக்காரி, அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஊசிக்கு அழும் பிள்ளைகளுக்கு வருடக் கணக்காகத் துணிப் பொம்மை தைத்துக் கொடுப்பவள்.

டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எருமைல்லா? நல்லா இருக்கு அண்ணாச்சி. கண்ணுக்குப் பொத்தான் வேண்டாம், பிள்ளைய பிச்சு முழுங்கிரும். நூல்லயே போட்டிருவோம்."

"வானத்துல பிள்ளைங்க இல்லைங்க."

"பெரிய ஆளுவளும் பிச்சு வாயில போடத்தான் செய்வாவ. நான் வார்டுல பாத்திருக்கேன்லா. துணிக்கு என்ன செய்யப் போறிய? தீப்பிடிக்கப்படாதுன்னா சுத்தமான கம்பளி வேணும். அது கருகுமே தவிர எரியாது."

சுத்தமான கறுப்புக் கம்பளி கலியமூர்த்தி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குளிர்காலக் கல்யாணங்களுக்கு அவர் போட்டுப் போகும் கழுத்து மூடிய கோட்டு. மனைவி செண்பகவல்லி அதை அந்துருண்டை போட்டு வைத்திருந்தாள்.

"கோட்டையா? எருமைக்கா?" என்றாள்.

"அரசாங்க வேலை, செண்பகம்."

"அரசாங்கத்துக்கு ஒரு முழம் துணி வாங்க வக்கில்லையா?"

துணி வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும், அதற்குள் வருடம் போய்விடும் என்று அவர் விளக்கினார். அவள் பீரோவைத் திறந்துவிட்டு, அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள்.

மூன்றே நாளில் எருமை தயார். கோட்டின் முதுகில் உடம்பு, கைத்துணியில் கால்கள், சாம்பல் நிற நூலில் கொம்பு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தர்மன் கடையில் ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு கிராம். கல்லூரியிலிருந்து வந்த மகள் ரோஹிணி அதைத் தூக்கிப் பார்த்து, "பப்பா, யே தோ பைன்ஸ் ஹை!" என்று சிரித்தாள். யாரும் சொல்லித் தராமலே எருமை என்று தெரிந்துவிட்டதே, கலியமூர்த்திக்கு அது போதும்.

குழு கூடியது. மயிலுக்குத் தோகை நீளம், விமானி மூக்கில் இடிக்கும். புலிகள் எண்ணிக்கை பற்றிப் பாராளுமன்றத்தில் கேள்வி வரவிருக்கிறது. பொம்மையையும் சேர்த்து எண்ணிவிட்டதாகச் சொல்வார்கள். யானை ஒரு கட்சியின் சின்னம், தேர்தல் வேறு வருகிறது. சிங்கம் என்றால் ஒரு மாநிலத்துக்குப் பெருமை, மற்ற இருபத்தேழுக்கும் கோபம். ஜன்னலுக்கு வெளியே குரங்கு ஒன்று யாருடைய டிபன் டப்பாவையோ திறந்து பராத்தா தின்றுகொண்டிருந்தது. அதன் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

கலியமூர்த்தி எருமையை எடுத்து மேசையில் வைத்தார்.

கல்யாணராமன் அவர் காதோரம் குனிந்தார். "உமக்குப் புத்தி இருக்கா? உசிரைக் கையில பிடிச்சுண்டு ஆகாசத்துக்குப் போறவா கண்ணு முன்னாடி எமதர்மனோட வாகனத்தைக் கட்டித் தொங்கவிடப் போறீரா?"

குழுத் தலைவர் அவ்வளவு கடுமை இல்லை. பொம்மையைக் கையில் எடுத்து, அமுக்கிப் பார்த்து, இந்தியில் சொன்னார்: "பொம்மை மிக நன்று. எருமையாக மட்டும் இல்லாதிருந்தால் போதும்."

பிறகு நாலு மாதம் திருத்தங்கள் நடந்தன. கறுப்பு அமங்கலம், வெள்ளையாக்குங்கள் என்றார்கள். வெள்ளையாக்கியதும் பசுவாகிவிட்டது. பசுவை நூலில் கட்டித் தொங்கவிட்டால் கலவரம் வரும் என்றார் ஒருவர். ஆகவே சாம்பல் நிறம். கொம்பு வன்முறையைக் காட்டுகிறது, எடுத்துவிடுங்கள். கொம்பு போனதும் காது கழுதைக் காதாகத் தெரிந்தது, அதுவும் போயிற்று. வால் நட்பு நாட்டை நோக்கி ஆடினால் என்ன அர்த்தம் ஆகும் என்று வெளியுறவு அதிகாரி கவலைப்பட்டார். வாலும் போயிற்று. மூவர்ணம் தைக்கலாம் என்றார்கள். கொடிச் சட்டம் இடம் தராது என்றார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் கலியமூர்த்தி வரைந்து கொடுத்தார், மார்கரெட் பழைய போர்வைத் துணியில் தைத்துக் கொடுத்தாள்.

கடைசியாகத் தைத்ததைத் தூக்கிப் பிடித்து, "என்ன அண்ணாச்சி இது, வேகாத கொழுக்கட்டை மாதிரில்லா இருக்கு?" என்றாள்.

அந்தக் கொழுக்கட்டையைக் குழு ஒருமனதாக ஏற்றது. அசாம்காரருக்கு அது காண்டாமிருகமாகத் தெரிந்தது. பீகார்காரர் கங்கை டால்பின் என்றார். எந்த மாநிலமும் ஆட்சேபிக்க வழியில்லாத முதல் இந்தியப் பிராணி என்று தலைவர் பாராட்டினார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அதற்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேசிய முக்கியத்துவம் உள்ள பொம்மைக்கு நடத்தை விதிகள் பொருந்துமா என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. கல்யாணராமன் தேர்தல் பார்வையாளராக வெளிமாநிலம் போனார். கொழுக்கட்டையை அரக்கு முத்திரையிட்டு அலமாரியில் பூட்டினார்கள். சாவி வைத்திருந்த செக்ஷன் ஆபீசரும் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நட்பு நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். புத்தகத்தில் படித்த சுத்தமான இந்தி பேசினாள். இன்று ஆறு மணிக்கு எங்கள் நாட்டுக்குப் போகும் பெட்டியை மூடுகிறோம், பொம்மையைத் தாருங்கள் என்றாள். பிரிவில் கலியமூர்த்தியும் பியூனும் மட்டும்தான். ஐந்து இடத்துக்குப் போன் போட்டார். எங்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொம்மை இல்லையென்றால் பரவாயில்லை, எங்கள் பிள்ளைகள் செய்த வாத்து ஒன்று இருக்கிறது என்று அவள் எழுந்துகொண்டாள்.

வாத்து! பிறக்கும்போதே மிதக்கிற ஜென்மம். கலியமூர்த்திக்கு என்ன வந்ததோ, இழுப்பறையைத் திறந்தார். டிராயிங் தாள்களுக்கு அடியில் கிடந்த முதல் கறுப்பு எருமையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதன் வயிற்றைக் கட்டைவிரலால் அமுக்கினாள். "சுந்தர்," என்று அழகை மெச்சினாள். ரசீது நீட்டினாள். 'வடிவமைத்தவர்' என்று ஓர் இடம் அதில் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் எந்தப் போஸ்டரிலும் அவர் பெயர் வந்ததில்லை. முதலெழுத்தோடு முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து மார்கரெட் வீட்டு டி.வி. செய்தியில் எட்டே விநாடி காட்டினார்கள். இறுகியிருந்த நூல் சட்டென்று தளர்ந்தது. எருமை மெல்ல எழும்பியது. மூக்கு மேலே, நாலு காலும் விரிந்து. மார்கரெட் 'ஸ்தோத்திரம்' என்றாள். செண்பகவல்லி, "கோட்டு மேல போவுது பாருங்க," என்றாள். கலியமூர்த்தி பால்கனிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தேர்தல் முடிந்து கல்யாணராமன் திரும்பியதும் குறிப்பாணை வந்தது: 'அங்கீகரிக்கப்படாத விலங்கொன்றை, உரிய அனுமதியின்றி, பூமிக்கு வெளியே அனுப்பியது ஏன்?' விசாரணை தொடங்க இருந்த நேரத்தில் நட்பு நாட்டிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. 'தாங்கள் அனுப்பிய அழகிய கரடிக்குட்டியை எங்கள் மக்கள் மிகவும் விரும்பினார்கள்' என்றிருந்தது.

கல்யாணராமன் கதவைச் சாத்திவிட்டு அவரை உட்காரச் சொன்னார். இதுவரை சொன்னதில்லை.

"பகவான் உங்க பக்கம் இருக்கார். அவா கரடின்னு எழுதிட்டா. எருமை போனதுக்கு ரெக்கார்டே இல்லை. கரடிதான் பண்ணேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கோ, ஃபைலை மூடிடறேன். பாராட்டுப் பத்திரம்கூட வாங்கித் தரேன். முதலாம் நிலைக்கும் சிபாரிசு பண்ணலாம்."

ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்கு வந்தார். செண்பகவல்லியிடம் சொன்னார். பதவி உயர்வென்றால் சந்தோஷப்படுவாள் என்று எண்ணியிருந்தார்.

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். "எருமைன்னு சொல்லித்தானே கோட்டை வாங்கிக்கிட்டுப் போனீங்க? கரடின்னு எழுதிக் குடுக்கறதா இருந்தா என் கோட்டைக் கொண்டாந்து வச்சுட்டுப் போய் எழுதுங்க."

மறுநாள் காலை அவர் கல்யாணராமன் முன்னால் போய் நின்றார்.

"எருமைதாங்க சார்."

"உங்களுக்கு ஏன்யா இந்த வீம்பு? எதுவா இருந்தா என்ன? அச்சா, பேர் போடாம 'ஒரு பிராணி'ன்னு எழுதறேளா?"

"கொசுவை இளைக்க வைக்கச் சொன்னீங்க, வச்சேன். இது எருமைங்க சார். கொம்பு இருக்குதுங்களே."

கண்டன உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. முதலாம் நிலை காலியாகவே இருந்தது. கொழுக்கட்டை வீண்போகவில்லை, புது ஆட்சியில் புதுக் கையெழுத்து வாங்கி, அதைப் பள்ளிகளுக்குப் பரிசாகத் தர ஐயாயிரம் தைக்கச் சொன்னார்கள். அதன் அட்டைப்பெட்டிக்குக் கலியமூர்த்திதான் பூ வேலை வரைந்தார். பிள்ளைகள் அதை 'ஆலு' என்று, அதாவது உருளைக்கிழங்கு என்று, கூப்பிட்டார்கள்.

கண்டன உத்தரவைக் கலியமூர்த்தி பலமுறை படித்தார். மூன்றாவது பத்தியில் அசோகச் சின்னத்தோடு, கோப்பு எண்ணோடு, தெள்ளத்தெளிவாக எழுதியிருந்தது: மேற்படி ஊழியர் வடிவமைத்த எருமை விண்வெளிக்குச் சென்றது உண்மையென நிரூபணமாகிறது. பூமிக்குத் திரும்பிய பொம்மைக்கு நட்பு நாட்டு மியூசியத்தில் கரடி என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள். உலகத்திலேயே அதை எருமை என்று சொல்லும் ஒரே அரசு ஆவணம் இதுதான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கொடுத்து லாமினேட் செய்து, ஹாலில், சாமிப் படங்களுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்.

பின்னாளில் கல்யாணராமன் தன் பெண் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அந்த வீட்டுக்கு வந்தார். காப்பி வருவதற்குள் சுவரைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, எழுந்து போய், முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். தன் கையெழுத்தில் விரலை வைத்தார்.

"டிராஃப்டிங் நன்னாத்தான் வந்திருக்கு, இல்லையா?" என்றார்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க சார்," என்றார் கலியமூர்த்தி. "உக்காருங்க, காப்பி ஆறிடும்."