உலகத்திலேயே வேகமான வண்டி

அந்தக் காரை நான் முதன்முதலில் நேரில் பார்த்தபோது அதன்மேல் வெள்ளை உறை போட்டிருந்தது. மூடிய லாரியிலிருந்து மெதுவாக இறக்கி, எங்கள் யார்டின் நடுவில் நிறுத்தி, நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து உறையை உருவினார்கள். டிரைவர்கள் நாங்கள் சுற்றி நின்றோம். ஒருத்தன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டான். அப்போது என் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தக் காரின் படம்தான். எத்தனை சினிமாவில், எத்தனை வீடியோவில் பார்த்த வண்டி. அதைத் தொடும் தூரத்தில் நிற்பேன் என்று நான் நினைத்ததில்லை. என் சித்தி மட்டும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, துடைக்கும் துணியைத் தோளில் போட்டபடி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இன்னாடா இது, மெறிச்சி வெச்ச கரப்பாம்பூச்சி மாரி கீது. இதுல குந்துனா எய்ந்துக்க முடியுமா?"

"சித்தி, உலகத்துலயே வேகமா போற வண்டிங்கள்ல இது ஒண்ணு."

"எங்க போறதுக்கு?" என்றாள்.

எண்ணூரைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும் சாலையோரத்தில் இருந்தது அந்த யார்டு. வெளிநாட்டுக்குப் போகிற புதுக் கார்கள் கப்பல் வரும்வரை அங்கே வெட்டவெளியில் நிற்கும். கப்பல் வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிப்போய் உள்ளே ஏற்றுவது என்னைப் போன்ற டிரைவர்களின் வேலை. காத்திருக்கும் நாட்களில் அவற்றைத் துடைப்பது சித்தியைப் போன்ற பெண்களின் வேலை. துடைத்தே ஆக வேண்டும். அனல்மின் நிலையங்களின் சாம்பலும், திறந்த லாரிகளில் போகும் நிலக்கரியின் தூளும் எங்கள் ஊரில் தினமும் இறங்கும். காலையில் போய்ப் பார்த்தால் வெள்ளைக் கார் சாம்பல் நிறத்தில் இருக்கும், கறுப்புக் காரும் சாம்பல் நிறத்தில் இருக்கும். பனி ஈரத்தோடு சேர்ந்துவிட்டால் அது சிமென்ட் பூச்சு மாதிரி இறுகிப் பெயின்ட்டைத் தின்னும். அதனால் வெயில் ஏறுமுன்னே தண்ணீர் தெளித்து, மெத்தென்ற துணியால் மேலிருந்து கீழாக வழித்தெடுக்க வேண்டும். வளையல் போடக்கூடாது, மோதிரம் கூடாது, புடவையில் ஊக்குக்கூடக் குத்தக்கூடாது. பெயின்ட்டில் கீறல் விழுந்துவிடுமாம். துணியை உதறும்போது பறக்கிற தூசி யாருக்குள் போகிறது என்பது பற்றி ஒரு விதியும் இல்லை.

சித்தப்பா ஒரு காலத்தில் ஆற்றில் இறால் பிடித்தவர். ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து இறால் அற்றுப்போனதும் காசிமேட்டில் பெரிய படகுகளுக்குக் கூலிக்குப் போனார். போனால் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார். ஆற்றைக் கெடுத்த அதே சாம்பலைத் துடைக்கத்தான் சித்தி யார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். கோபமாக இதைச் சொல்பவன் நான்தான். அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் வரிசையில் துடைக்கிற பெண்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பாள். நடுநடுவே இருமுவாள். இருமல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவாள். ஒருமுறை சூப்பர்வைசரிடம் போய், எல்லாருக்கும் முகமூடி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாள். "கர்ச்சீப் கட்டிக்கோங்கம்மா" என்றார் அவர். நல்ல மனிதர்தான். அவரும் கர்ச்சீப்தான் கட்டியிருந்தார்.

அந்தக் கார் மட்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது, சுங்க வேலை முடியும்வரை எங்கள் யார்டில் நிற்க வேண்டியிருந்தது. அது வந்த மறுநாள் காலை அதன் மூக்கில் பொட்டுப் பொட்டாகச் சாம்பல் இறுகியிருந்தது. அன்று மதியமே நகரத்திலிருந்து கார்க் கம்பெனி அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். அடுத்த சில நாட்களில் நடந்ததை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் காருக்கென்று தனியாக ஒரு கொட்டகை எழும்பியது. சுவரெல்லாம் இடுக்கில்லாமல் அடைத்து, காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும் இயந்திரம் வைத்தார்கள். வாசலில் தண்ணீர் லாரி வந்து தூசி கிளம்பாமல் தரையை நனைத்தது. உள்ளே காற்று எவ்வளவு சுத்தம் என்று காட்டும் ஒரு கருவியைச் சுவரில் மாட்டினார்கள். அதில் எப்போதும் பச்சை விளக்கு எரியும். எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் இரவில் மூச்சு இழுத்துக்கொண்டு தூங்குகிறவர்கள். எத்தனை மனு, எத்தனை மறியல். ஒரு மரம்கூட நட்டுத் தந்ததில்லை யாரும். ஒரு காரின் மூக்கில் நாலு பொட்டு விழுந்ததும் காற்றைச் சுத்தம் செய்ய முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சித்தி அந்தக் கருவியை அண்ணாந்து பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் கேட்டாள்: "சார், அத்த கொஞ்சம் வெளிய கொண்டாந்து காட்டேன். இன்னா வெளக்கு எரியுதுன்னு பாப்போம்."

"வெளிய வச்சா மிஷின் கெட்டுப்போயிரும்மா" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுச் சொன்னார்.

சித்தியோடு துடைக்கிறவர்களில் ஓர் அக்கா இருந்தாள். எர்ணாவூரிலிருந்து வருவதால் எல்லாருக்கும் எர்ணாவூர் அக்கா. அவளுக்கு இளைப்பு உண்டு. மூச்சுக்கு இழுக்கிற மருந்தை எப்போதும் ரவிக்கைக்குள் வைத்திருப்பாள். கோடையில் ஒருநாள், மேற்கிலிருந்து காற்று திரும்பியது. அனல்மின் நிலையங்கள் சாம்பலைக் கொட்டும் குளம் அந்தப் பக்கம்தான். மார்கழிப் பனி மாதிரி வெள்ளையாக ஒரு திரை எழுந்து யார்டு முழுக்க இறங்கியது. எர்ணாவூர் அக்கா இரண்டு கார்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். மருந்துப் புட்டியை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், அது காலி. சித்தி அவளைத் தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்துக்கொண்டு நேராக அந்தக் கொட்டகைக்கு நடந்தாள். சுத்தமான காற்று அங்கேதான் இருந்தது. வாசலில் நின்ற காவலாளி, உள்ளே போகக்கூடாது என்று கையை நீட்டினார். சித்தி அந்தக் கையைத் தள்ளிவிட்டுப் போனாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பச்சை விளக்கின் கீழே அக்கா தரையில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, அது கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றது. சூப்பர்வைசரின் ஜீப் வெளியே போயிருந்தது. மற்ற கார்களோ ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தப்பட்டவை, ஒன்றை எடுக்க வேண்டுமானால் முன்னால் இருக்கும் வரிசை முழுவதையும் நகர்த்த வேண்டும். சாவியோடு, முன்னால் தடையில்லாமல் நின்றது ஒரே ஒரு வண்டி.

சித்தி என்னைப் பார்த்தாள். "நீதான சொன்ன, ஒலகத்துலயே வேகமா போறதுன்னு. எட்ரா வண்டிய."

அதில் இரண்டே இருக்கைகள். அக்காவை உள்ளே உட்கார வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போனது. தரையோடு தரையாக இருக்கும் அந்த இருக்கையில் அவள் மடங்கி விழுந்தாள். மூச்சுக்குத் தவிக்கிறவளை இரண்டாக மடித்துப் போட்ட மாதிரி இருந்தது. கிளப்பினேன். கப்பலில் வரும் வண்டிகளின் வேகத்தைக் கம்ப்யூட்டரில் கட்டிப் போட்டுத்தான் அனுப்புவார்கள், ஷோரூமில்தான் அவிழ்ப்பார்கள். அது எனக்குத் தெரியும், இருந்தும் காலை அழுத்தினேன். பின்னால் சிங்கம் மாதிரி உறுமல் கேட்டது, வண்டி மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் சித்தி பக்கத்திலேயே ஓடி வந்துகொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, இருமல்காரியான என் சித்தி, உலகத்தின் மிக வேகமான வண்டிக்கு ஈடு கொடுத்து ஓடினாள்.

கேட்டில் ஒரு வேகத்தடை இருந்தது. எங்கள் ஊர் வேகத்தடை, தார்க் குவியல். முன் சக்கரம் ஏறி இறங்கியது. வண்டியின் அடிவயிறு அதன்மேல் உட்கார்ந்தது. தகரக் கூரையைப் புயல் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம். அதன்பின் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று ரப்பர் நாற்றம் எழுந்தது. சித்தி கதவைத் திறந்து அக்காவை வெளியே இழுத்தாள். சாலையில் காலி மீன்பெட்டிகளோடு குட்டியானை வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்று கையை விரித்தாள். பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு இருவரும் ஏறினார்கள். இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, மண்ணில் இறங்கி, லாரி வரிசையைத் தாண்டித் திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு அந்தக் குட்டியானைதான் அவளைக் கொண்டுசேர்த்தது. எர்ணாவூர் அக்கா பிழைத்துக்கொண்டாள்.

நான் காரோடு நின்றேன். யார்டே திரண்டு வந்தது. மேனேஜர் நடுச்சாலையில் முழங்காலிட்டு, கன்னத்தைத் தார் மேல் வைத்து அதன் அடியைப் பார்த்தார். அவர் எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

விசாரணை ஏ.சி. அறையில் நடந்தது. திருட்டு வழக்குப் போடுவோம் என்றார்கள். யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று மேனேஜர் மேசையைத் தட்டினார். சித்தி நிதானமாகத்தான் பேசினாள்.

"சாவி வண்டில இருந்திச்சி சார். மூச்சுதான் அவகிட்ட இல்ல."

எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்குப் போடவில்லை. போட்டால் கொட்டகையைப் பற்றியும் பேச வேண்டி வரும் என்று யாரோ புத்தி சொல்லியிருக்க வேண்டும். பிறகு யார்டில் எல்லாப் பெண்களுக்கும் கம்பெனிப் பெயர் போட்ட முகமூடி கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்களாம். அந்த முகமூடிகள் கிழிந்தபின் புதிதாக வரவில்லை. இதைச் சொன்னவள் எர்ணாவூர் அக்கா. உடம்பு தேறியதும் அவள் அதே வேலைக்குத்தான் திரும்பினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வீடியோவை மன்னிக்க என்னால் முடியவில்லை. கேட்டில் கார் மாட்டிக்கொண்டு நிற்பதை யாரோ போனில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அது உலகமெல்லாம் சுற்றியது. அதன் கீழே உடைந்த இதயங்கள், அழுகிற முகங்கள். இப்படிப்பட்ட வண்டியை இப்படிப்பட்டவர்கள் கையில் கொடுக்கலாமா என்று எழுதினார்கள். இந்த ஊருக்கு இது தகுமா என்று எழுதினார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை இழுத்துக்கொண்டு போவது தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் யார் என்று கேட்டு ஒரு வரி இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

சித்தி வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் நைட்டி மடிக்கிற வேலைக்குப் போனாள். அங்கே பஞ்சுத் தூசி. இருமல் விடவில்லை. நெஞ்சு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர், "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்றார்.

"பீடி இல்ல டாக்டர்," என்றாள் சித்தி. "காரு."

அவருக்குப் புரியவில்லை. அடுத்த கோடை வருமுன் அவள் போய்விட்டாள். கடைசி வாரத்தில்கூட, ஓடியதை நினைத்துச் சிரித்தாள். "அந்த வண்டிய தாண்டி இருப்பேன்டா. கேட்டு வந்துட்ச்சி."

இப்போது நகரத்தில் பழைய கார்களைச் சோதித்து மதிப்புச் சொல்கிற வேலையில் இருக்கிறேன். சென்ற மாதம் அதே வகைக் கார் ஒன்று என் கைக்கு வந்தது. வேகம் கட்டப்படாத வண்டி. விடிகாலையில் காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அது நன்றாக இருந்துவிடக்கூடாது என்றும், இருந்துவிட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் மனசு அடித்துக்கொண்டது. நேர் சாலையில் பாய்கிறது, மறுக்கவில்லை. வளைவில் ஸ்டியரிங் செத்த மீன் மாதிரி கையில் கிடக்கிறது. சாலையில் என்ன இருக்கிறது என்று அது கைக்குச் சொல்வதே இல்லை. அந்த உறுமலில் பாதி, உள்ளே வைத்த ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இதற்கா ஒருத்தன் செருப்பைக் கழற்றினான் என்று வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்திருந்தேன்.

கார்ப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். போன வாரம் அதில் ஒருவர் கேட்டார்: தகுதிக்கு மீறிப் புகழப்படுகிற கார் எது? பலர் அந்தக் காரைத்தான் சொன்னார்கள். கனம் அதிகம் என்றார் ஒருவர், சத்தம் போலி என்றார் இன்னொருவர். பழைய மாடல்தான் அசல் என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நானும் அதே காரைச் சொன்னேன். காரணத்தையும் எழுதினேன். சாம்பல், கொட்டகை, பச்சை விளக்கு, எர்ணாவூர் அக்கா, வேகத்தடை, எல்லாவற்றையும் எழுதினேன். திரும்பப் படித்துப் பார்க்காததால் நிறையப் பிழை.

பிறகு ஒருவர் கேட்டார்: "ப்ரோ, அந்த வீடியோ வண்டியா? அண்டர்பாடி எவ்ளோ டேமேஜ்?"

"அதத் தொடச்சவங்க செத்துப் போயிட்டாங்க" என்று பதில் போட்டேன்.

அரைமணி நேரம் கழித்து வேறொருவர், அதே கம்பெனி அடுத்த வருஷம் கொண்டுவரப் போகிற புது மாடலின் படத்தைப் போட்டார். இதயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் வரி மேலே மேலே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் ஆனது.